குப்பைத்திணை: ஒரு வகைப்பாட்டு நூல்

பாயிரம்

நூல் செய்கிறவன் அதைச் செய்ததற்கான காரணத்தை முதலில் சொல்ல வேண்டும் என்பது மரபு. சொல்கிறேன். சித்த மருத்துவம் எண்ணாமல் விட்ட பொருள் குறைவு. நோய்கள் 4,448 என்று கணக்கு வைத்திருக்கிறது. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து வடிவங்கள் 32, வெளியே போடுபவை 32. நோயாளியைச் சோதிக்கும் வழிகளைக்கூட நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்று எட்டாகப் பிரித்திருக்கிறது. சுவை ஆறு, குற்றம் மூன்று. இத்தனையும் எண்ணியவர்கள் ஒன்றை மட்டும் எண்ணாமல் விட்டார்கள்: கேட்காமலே மருந்து சொல்கிறவர்கள் எத்தனை வகை? நோய் 4,448 என்றால் அதற்கு மருந்து சொல்பவர்கள் ஒரு தெருவிலேயே அதற்கு மேல் தேறுவார்கள். அந்த இடைவெளியை நிரப்பவே இந்நூல்.

எடுத்துக்கொண்ட செடி குப்பைமேனி. துளசியை ஏன் எடுக்கவில்லை எனில், துளசிக்கு மாடம் இருக்கிறது. வேம்புக்கு அம்மன் இருக்கிறாள். நிலவேம்புக்கு டெங்கு வந்து கைகொடுத்தது. அரசே அண்டாவில் காய்ச்சி ஊற்றியது. கீழாநெல்லிக்கு மஞ்சள் காமாலை என்ற நிரந்தர வேலை உண்டு. குப்பைமேனிக்கு ஆதரவு என்று சொல்லிக்கொள்ள இருப்பது சொறி சிரங்கும் பூனையும்தான். சிபாரிசு இல்லாத செடியாக இருப்பதால், அதைப் பற்றி உண்மை பேசினால் கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

இடவியல்

தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்துக்கும் நெய்தலுக்கும் பாலைக்கும் பூவும் பறவையும் பறையும் கொடுத்தவர்கள், ஐந்து நிலத்திலும் வீட்டுக்குப் பின்னால் தவறாமல் இருந்த ஓர் இடத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. அதுவே ஆறாம் திணையாகிய குப்பை. குப்பையும் குப்பை சார்ந்த இடமும் என்க. இதன் பெரும்பொழுது, மழை விட்டு ஒரு வாரம். சிறுபொழுது, பறிப்பதை யாரும் பார்க்காத வைகறை. பறவை கோழி, விலங்கு பூனை, நீர் சாக்கடை. இசைக்கருவி, அதிகாலையில் வரும் துப்புரவு வண்டியின் ஒலிபெருக்கி. உரிப்பொருள், அரித்தலும் அரித்தல் நிமித்தமும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். செடி பழைய செடிதான். குப்பை பழைய குப்பையா? நம் கொல்லைகளில் இருந்தது எருக்குழி. அதில் விழுந்தவை சாணம், அடுப்புச் சாம்பல், வைக்கோல், காய்கறித் தோல். அடுத்த ஆண்டு வயலுக்குப் போகப்போகிற சொத்து அது. இன்று அதே பெயரில் வழங்குவது பேட்டரி, குழல் விளக்கு, பெயின்ட் டப்பா, ஊசி, காலாவதியான மாத்திரை ஆகியவற்றின் கூட்டம். சென்னைக் குப்பைக் கிடங்குகளான பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருப்பது எருக்குழியல்ல. செடிக்கு இந்த வேறுபாடு தெரியாது. மண்ணில் ஈயம் இருந்தால் ஈயத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, இலையைப் பச்சையாகவே காட்டும். ஆகவே குப்பையை எருக்குப்பை, நஞ்சுக்குப்பை என இரண்டாகப் பிரித்து, பின்னதில் முளைத்ததைப் பறிப்பவர் வேறு எதையும் தெரிந்துகொள்ள இந்நூலைப் படிக்க வேண்டியதில்லை என்று விதிக்கிறேன்.

உறுப்பியல்

செடிகொடிகளைத் தொல்காப்பியர் ஒரு வகையில் எளிதாகப் பிரித்துவிட்டார். வெளியே வைரம் பாய்ந்தவை புல், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம். தென்னையும் மூங்கிலும் புல்லாகிவிட்டன. புளியும் பூவரசும் மரமாகிவிட்டன. குப்பைமேனிக்கு உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் வைரமில்லை. முழங்கால் உயரம் வளர்ந்து, இடுப்பை எட்டும் முன் முடிந்துபோகிறது. எனவே அது இலக்கணத்தின் வேலிக்கு வெளியே நின்றது. பிற்காலத்தார் பூண்டு என்று ஒரு கூடையை வைத்து எல்லாவற்றையும் அதில் அள்ளிப் போட்டார்கள்.

ஐரோப்பியரிடம் இது முறையாகப் போய்ச் சேர்ந்தது மலபார் வழியாக. கொச்சியிலிருந்த டச்சு ஆளுநர் வான் ரீடு, இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் கொங்கணி அந்தணர் மூவரையும் துணைக்கொண்டு மலபார்ச் செடிகளை எழுதியும் வரைந்தும் தொகுத்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்’ என்ற பெயரில் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வந்தது. குப்பைமேனி அதில் தன் சொந்தப் பெயரிலேயே படத்தோடு இடம் பிடித்திருக்கிறது. பிறகு 1753-இல் லின்னேயஸ் அகாலிஃபா இண்டிகா என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார். ஆமணக்குக் குடும்பம். மரவள்ளியும் ரப்பரும் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தில் யாரையும் முழுதாக நம்பிவிட முடியாது: ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு, மரவள்ளியில் சயனைடு தரும் பொருள். குப்பைமேனியிலும் அகாலிஃபின் என்று சயனைடு வழிவந்த ஒன்று இருக்கிறது. வசதியான உறவினரும் உண்டு. பங்களாக்களின் வேலியில் செம்பு நிற இலையோடு நிற்பதும், சிவப்பு வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பூந்தொட்டியில் இருக்கும் பூனைவாலும் இதே அகாலிஃபாக்கள்தாம். அவர்கள் குப்பைமேனியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

இலையைப் பற்றி ஒரு சொல். செடிக்கு நேர் மேலே நின்று பாருங்கள். ஓர் இலை இன்னோர் இலையை மறைக்காது. கீழிலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப்போகக் குட்டை. இடுக்குகளில் எல்லாம் ஓர் இலை தலையை நீட்டிக்கொண்டு தனக்குரிய வெயிலை வாங்கிக்கொள்கிறது. தாவரவியல் பாடப்புத்தகங்கள் இலை மொசைக் என்று சொல்லி இந்தச் செடியையே எடுத்துக்காட்டாகக் கொடுக்கின்றன. அரசுப் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு நடக்கும் போரைப் பார்த்தவர்கள் இந்தச் செடிக்கு ஒரு வணக்கம் வைப்பார்கள். பூ இலையிடுக்கில் எழும் நிமிர்ந்த கதிர். மேலே கண்ணுக்கு எட்டாத ஆண்பூக்கள்; கீழே பல் வைத்த சிறு கிண்ணங்களில் பெண்பூக்கள். அடையாளம் இந்தக் கிண்ணந்தான். கிண்ணம் இல்லாததைப் பறித்துக் குப்பைமேனி என்று கொண்டுவருபவர்கள் வழங்குவோரியலில் வருகிறார்கள்.

மணவியல்

இல்லை.

வழங்குவோரியல்

இந்நூலின் உயிர்நாடி இது. குப்பைமேனியை வழங்குவோர் ஆறு வகைப்படுவர். ஏழு என்பாரும் உளர். அந்த ஏழாமவர் தாமே ஏழாம் வகை என்பதால் அவர் கூற்று தள்ளப்பட்டது.

முதல் வகை ஆச்சி. ஆச்சிக்கு நோயின் பெயர் தேவையில்லை. காலைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், ‘சூட்டுக்கொப்புளம்’ என்பார் அல்லது ‘கிரந்தி’ என்பார். பூஞ்சை, பாக்டீரியா, உண்ணி, ஒவ்வாமை எல்லாம் இவ்விரண்டில் அடங்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் கேட்கலாம்:

“ஏ ஐயா, குப்பமேனிய ஒரு பிடி பறிச்சு, உப்பு வச்சு அரச்சுத் தேயி. மூணு நாள்ல ஓடிரும்.”

“எம்புட்டுப் பிடி ஆச்சி?”

“ஒரு பிடின்னா ஒரு பிடிதான். எங்கைப்பிடி.”

ஆச்சியின் கைப்பிடியே அந்த வைத்தியத்தின் அளவுகோல். அவர் காலத்துக்குப் பின் அளவும் போய்விடும், குறிப்பு மட்டும் மிஞ்சும். ஆனால் ஆச்சி வகைக்கு ஒரு பெருமை உண்டு. அவர் செடியைக் கண்ணால் அறிவார். பறித்துத் தருவதோடு நிற்காமல் மறுநாள் வந்து புண்ணையும் பார்ப்பார். மற்ற ஐந்து வகையாரில் இந்த இரண்டாவது குணம் இன்னும் ஒருவருக்குத்தான் உண்டு.

இரண்டாம் வகை, நாட்டு மருந்துக் கடைக்காரர். இவர் நோயைக் கேட்பதில்லை, “எத்தனை ரூபாய்க்கு?” என்றுதான் கேட்பார். நூறு இழுப்பறைகளில் எது எங்கே என்று பார்க்காமலே கையை விட்டு எடுப்பார். பொட்டலத்தில் வருவது காய்ந்து நொறுங்கிய பச்சைப் பழுப்புத் தூள். கிண்ணம் உண்டா இல்லையா என்பதை அந்தத் தூளில் பரமசிவன்தான் பார்க்க முடியும்.

மூன்றாம் வகைக்கு உடம்பில்லை. அது தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கம். அங்கே ராகுகாலத்துக்கு நேர் பின்னால் பாட்டி வைத்தியம் இருக்கும். இவ்வகையின் சிறப்பு வினைமுற்றில் இருக்கிறது. எழுதுகிறவருக்குச் சற்று ஐயம் இருந்தால் நோய் ‘குறையும்’. ஐயம் தீர்ந்தால் ‘தீரும்’. இடம் மிச்சமிருந்தால் ‘அடியோடு அகலும்’. அடுத்த நாள் தாளில் அதே நோய்க்கு வேறு செடி வருவதால், அகன்ற நோய் இரவோடு இரவாகத் திரும்பிவிட்டதென்று கொள்ள வேண்டும்.

நான்காம் வகை, கைப்பேசிக் குழுவில் இருக்கும் மாமா. நாள்காட்டி சொறிக்கு மருந்து சொன்னால், மாமா புற்றுநோய்க்குச் சொல்வார். அமெரிக்க விஞ்ஞானிகள் வியந்ததாகவும், மருந்துக் கம்பெனிகள் மறைத்ததாகவும், பத்துப் பேருக்கு அனுப்பினால் புண்ணியம் என்றும் அதில் இருக்கும். கூடவே ஒரு படம். அந்தப் படத்தில் பெரும்பாலும் இருப்பது குப்பைக்கீரை. மாமா எதையும் அரைத்ததில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையென்றால் நேரே ஸ்கேன் எடுக்கப் போய்விடுவார்.

ஐந்தாம் வகை அழகியலார். முகத்தில் வேண்டாத முடிக்குக் குப்பைமேனித் தூளோடு கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்துக் கழுவச் சொல்வது இவர்கள் மரபு. மகளிர் பத்திரிகைகளில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. காய்ந்த பூச்சைத் தினமும் எதிர்த்திசையில் தேய்த்தால் சில முடிகள் கையோடு வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. புகழ் எப்படியோ செடிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறாம் வகை, படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர். ஆறு பேரிலும் குறைவாகப் பேசுகிறவர் இவரே. எவ்வளவு நாளாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார். மறுபடி வரச் சொல்வார். இத்தனை கேள்வி கேட்பதால் ‘இவருக்கு ஒண்ணும் தெரியலபோல’ என்று தெருவார் முடிவு கட்டுவதும் உண்டு. இந்நூலாசிரியனின் ஓட்டு இவருக்கே.

ஓமியோபதியாரை ஏன் வகையில் சேர்க்கவில்லை எனில், அவர்களிடமும் அகாலிஃபா இண்டிகா உண்டு. இருமலில் இரத்தம் வருவதற்குக் கொடுக்கிறார்கள். ஆனால் செடி இருந்த தடயமே தெரியாத அளவுக்கு நீர்க்கச் செய்து கொடுப்பது அவர்கள் முறை. இல்லாத பொருளை வகைப்படுத்துவது இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அளவையியல்

மருந்தளவு இருவகை. எழுதப்பட்டது, விழுங்கப்பட்டது. எழுதப்பட்ட அளவுகள் காய்களால் ஆனவை: சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு, புன்னைக்காயளவு, கழற்சிக்காயளவு, கொட்டைப்பாக்களவு. தூளுக்கு வேறு கணக்கு. பெருவிரலோடு இரண்டு விரல் சேர்த்து எடுத்தால் திரிகடி. ஐந்து விரல் நுனியாலும் அள்ளினால் வெருகடி. வெருகு என்பது காட்டுப் பூனை. அதன் பாதம் பிடிக்கும் அளவு என்பது கருத்து. பூனை இந்த நூலுக்குள் இங்கேயே காலடி வைத்துவிட்டதைக் கவனிக்க. கைக்குழந்தைக்குச் சங்கு. சங்கிலும் பெரியது சிறியது உண்டு. வீட்டில் எது இருக்கிறதோ அதுவே சரியான அளவு.

காலத்துக்கும் கணக்கு உண்டு. சித்த மருத்துவ நூல்கள் மருந்துக்கு ஆயுள் விதித்திருக்கின்றன. சாறுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். காலாவதித் தேதி என்பதை மேல்நாட்டார் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படிக்கலாம். ஆனால் இந்த விதியை எழுதிய காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை. இன்று திங்கட்கிழமை அரைத்த குப்பைமேனி விழுது தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் ஒரு டிபன் பாக்ஸில் வெள்ளி வரை வீற்றிருக்கிறது. சனிக்கிழமை யாராவது துவையல் என்று நினைத்துத் தொட்டுக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

புறத்திணையியல்

இனி வருவதுதான் பகுக்க வேண்டிய முறை. முன் சொன்ன பகுப்பெல்லாம் அதற்குக் கட்டிய பந்தல். சித்த மருத்துவம் மருந்தை அகமருந்து, புறமருந்து என இரண்டாக்கியது. உடம்புக்கு உள்ளே போவது அகம்; தோலோடு நிற்பது புறம். குப்பைமேனி விஷயத்தில் இந்த ஒரு கோடு போதும்.

புறத்தில் குப்பைமேனி பழைய வேலைக்காரன். கட்டு, பற்று, பூச்சு, பொடி திமிர்தல் எனப் புறமருந்து 32-இல் பலவற்றுக்கு அது ஒத்துவரும். இலையை உப்போடு அரைத்துச் சொறி சிரங்கில் தேய்த்து, காயவைத்து, வெந்நீரில் குளிப்பது எங்கும் அறிந்த முறை. மஞ்சள் சேர்ப்பாரும் உண்டு. எண்ணெயில் காய்ச்சித் தைலமாக்குவாரும் உண்டு. பூச்சிக்கடிக்குச் சுண்ணாம்போடு குழைத்துப் போடுவார்கள். ஆய்வகத் தட்டுகளில் இலைச்சாறு சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதைப் பலர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சொறிந்து சொறிந்து சீழ் பிடித்த புண்ணுக்கு அது உதவுவதில் வியப்பில்லை.

ஆனால் சிரங்கின் மூலவர் வேறு. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி, முட்டையிட்டுக்கொண்டே போகிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு அதற்குப் பிடித்த இடங்கள். நமைச்சல் என்பது அதன் கழிவுக்கும் முட்டைக்கும் நம் உடம்பு காட்டும் கோபம், இரவில் கூடும். முதல் முறை தொற்றியவருக்கு நமைச்சல் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு மருந்து போட்டால் இன்னொருவரிடமிருந்து திரும்ப வருகிறது. பெர்மெத்ரின் களிம்பு கொடுக்கும் தோல் மருத்துவர், ‘வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள், துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவையுங்கள்’ என்பார். ஆச்சியும் குப்பைமேனி அரைத்த நாளில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்து, துணியை உவர்மண் போட்டு வேகவைத்து, பாயை வெயிலில் போட்டார். செடியின் கணக்கில் எழுதப்பட்ட புகழில் பாதியை வெயிலுக்கும் வெந்நீருக்கும் மாற்றி எழுதினால் கணக்கு நேராகும். நாள்காட்டித் தாள் செடியை மட்டும் வைத்துக்கொண்டு துணி வேகவைப்பதை விட்டுவிட்டது. படர்தாமரை வேறு, அது பூஞ்சை. அதற்கும் இதையே தேய்க்கலாம் என்பவரிடம் வாதாட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

அகத்திணையியல்

காதல் இல்லை, வாந்தி உண்டு.

குப்பைமேனியை உள்ளே கொடுத்ததற்குப் பழைய சான்றுகள் கனமானவை. மதராஸ் படையில் அறுவை மருத்துவராக இருந்த ஒயிட்லா ஐன்ஸ்லி 1826-இல் வெளியிட்ட ‘மெட்டீரியா இண்டிகா’வில், காய்ந்த இலைத்தூளைக் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பதையும் வெள்ளைப்பூண்டு சேர்த்துக் காய்ச்சுவதையும் குறித்திருக்கிறார். 1868-இல் வந்த இந்திய மருந்தியல் தொகுப்பிலும் செடி ஏறிவிட்டது. இலைச்சாறு குழந்தைகளை வாந்தியெடுக்க வைத்துச் சளியை வெளிக்கொணரும் என்பதற்கு அங்கே சாட்சி சொன்னவர் ஜார்ஜ் பிடி. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மலச்சிக்கலுக்கு இலையை நசுக்கி ஆசனவாயில் வைக்கும் முறையும் உண்டு. சித்தத்தில் அதற்குப் பெயர் வர்த்தி, புறமருந்தில் சேர்த்திருக்கிறார்கள். வைக்கப்படும் குழந்தை இந்த வகைப்பாட்டை ஒப்புக்கொள்ளாது.

வீட்டு வைத்தியம் சொல்லும் கணக்கு இதுதான்: நெஞ்சில் சளி கட்டிய குழந்தைக்குச் சாறு ஒரு சங்கு. வாந்தி வரும், சளியும் வரும், குழந்தை மூச்சுவிடும், தூங்கும். பார்த்தவருக்கு அது அற்புதம். வாந்தியெடுக்க வைக்கும் பொருளைக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து என்று இன்றைய மருத்துவம் சொல்வதற்குக் காரணம், வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகக்கூடும் என்பது. இது ஒன்றிருந்தாலே போதும். இன்னொன்றும் இருக்கிறது, அது செடியைச் சார்ந்ததல்ல, குடிப்பவரின் இரத்தத்தைச் சார்ந்தது.

இலங்கையில் இலைக்கஞ்சி நாள்தோறும் வழங்கும் உணவு. சிங்களவரும் தமிழரும் பல கீரைகளைச் சாறெடுத்து அரிசியோடு காய்ச்சிக் குடிக்கிறார்கள். குப்பைமேனியும் அதில் சேர்வதுண்டு. அப்படிக் குடித்தவர்களில் சிலர் ஓரிரு நாளில் கண் மஞ்சளாகி, கறுத்த சிறுநீரோடு மருத்துவமனைக்கு வந்ததை 1990-களில் அங்குள்ள மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். காரணம் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. சிவப்பணு தன்னைத் தாக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கிக்கொள்ள இந்த நொதி வேண்டும். அது குறைந்தவர் சாதாரண நாளில் சாதாரணமாகவே இருப்பார். குறிப்பிட்ட சில பொருள்கள் உள்ளே போனால் மட்டும் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் அப்படிப்பட்டது. 1956-இல் அதை ஆராய்ந்தபோதுதான் இந்தக் குறைபாடே பிடிபட்டது. மத்தியதரைக்கடல் நாட்டார் தின்னும் ஃபாவா அவரையும் அப்படி. பீரோவில் போடும் நாஃப்தலீன் உருண்டையும் அப்படி. குப்பைமேனியும் இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் ஆண்களையே பெரிதும் பிடிக்கும். முன்பு மலேரியா பரவியிருந்த பகுதிகளின் மக்களிடையே, நம்மவர் உட்பட, இது காணப்படுகிறது.

ஆக, ஒரே கொல்லையில் ஒரே செடியில் ஒரே கையால் பறித்த இலையை அண்ணனும் தம்பியும் குடித்தால், ஒருவன் விளையாடப் போவான், ஒருவன் இரத்தம் ஏற்றிக்கொள்ளப் போவான். ‘எங்க வீட்டுல நாங்க எல்லாரும் குடிச்சு வளர்ந்தோம், ஒண்ணும் ஆகல’ என்ற சான்று எவ்வளவு உண்மையானாலும் அது அந்த வீட்டைப் பற்றிய சான்று மட்டுமே. எண்வகைத் தேர்வில் சிறுநீர் ஒன்றாக இருப்பதை இங்கே மெச்ச வேண்டும். கறுத்த சிறுநீரைப் பார்த்துப் பதறிய பழைய வைத்தியர் எவராவது இருந்திருப்பார். ஆனால் அது நடந்து முடிந்த பின் காட்டும் குறி. முன்கூட்டிச் சொல்வது ஓர் எளிய இரத்தப் பரிசோதனை. அதைச் செய்யாத வீட்டில் குப்பைமேனி புறத்திணையோடு நிற்பது நலம். கைக்குழந்தைக்கு நிச்சயமாக.

பூனையியல்

இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் மார்ஜாலமோகினி என்றும் பெயர் வைத்தவர்கள் இலையைப் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். இலைக்குப் பூனை அசைந்துகொடுக்காது. வேரைப் பிடுங்கிப் போட வேண்டும். அப்புறம் அது முகர்வதும் கடிப்பதும் முகத்தைத் தேய்ப்பதும் மல்லாந்து புரள்வதும் பார்க்கத் தக்கவை. சற்றுநேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து போய்விடும். பூனைகளுக்கே உரிய அந்த முகத்தோடு.

மேல்நாட்டில் இந்த வேலையைக் கேட்னிப் என்ற செடி செய்கிறது; அதில் உள்ள நெப்பெட்டலாக்டோன்தான் காரணம். ஜப்பானில் மதத்தபி என்ற கொடி. அந்தக் கொடியை வைத்து 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒன்று காட்டினார்கள். பூனை புரள்வது வெறும் போதைக்காக மட்டுமல்ல. அந்த மணப்பொருள் மயிரில் ஒட்டிக்கொண்டால் கொசு குறைவாக உட்காருகிறது. இலையைக் கடித்துக் குதறினால் அந்தப் பொருள் இன்னும் அதிகமாக வெளிப்படுகிறது என்றும் பின்னர் கண்டார்கள். மருத்துவ மொழியில் சொன்னால், பூனை மென்று அரைத்து மேலே பூசிக்கொள்கிறது. பொடி திமிர்தலுக்கு நெருங்கிய முறை. குப்பைமேனி வேரிலும் இதே கதைதானா என்று இந்நூல் துணிந்து கூறாது. ஆயினும் புறமருந்துக் கட்சிக்கு நாலுகால் ஆதரவு கிடைத்ததாகப் பதிவு செய்கிறேன்.

பூனைகள் எல்லாம் மயங்குவதுமில்லை. கேட்னிப்புக்கு மூன்றில் ஒரு பங்குப் பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குட்டிகளுக்கும் அது ஏறாது. மயங்குவதும் மயங்காததும் பிறவியில் வருவது. இந்த விஷயத்தில் பூனைவீட்டில் யாரும் ‘எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகல’ என்று பேசுவதில்லை.

ஒழிபியல்

முன் இயல்களில் அடங்காதவை இங்கே.

குப்பைமேனி சோப்பு இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. பச்சை நிறமாக இருக்கிறது. பச்சை எங்கிருந்து வந்தது என்பதை அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் படித்துக்கொள்க.

மூலிகை பறிப்பதற்குமுன் செடிக்குக் காப்புக்கட்டி, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, வேர் அறாமல் எடுக்க வேண்டும் என்று நூல்கள் விதிக்கின்றன. குப்பைமேனிக்கு இதைச் செய்பவரை நான் பார்த்ததில்லை. மந்திரம் இருக்கட்டும், பறித்ததை மூன்று தண்ணீரில் அலசுவதையாவது விதியாக்கலாம்.

கோழி குப்பைமேனியைத் தின்னுமா என்பதில் இரு கட்சிகள் உண்டு. இரு கட்சியாரும் தத்தம் கோழியைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

நஞ்சுக்குப்பையில் பறிக்க அஞ்சி வீட்டிலேயே வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விதை வாங்க வேண்டாம், நாற்று வாங்க வேண்டாம். மாடியில் வாடிப்போன ரோஜாத் தொட்டி ஒன்று இருக்குமல்லவா, அதை மண்ணோடு அப்படியே மழையில் விட்டுவிடுங்கள். உரம் வேண்டாம். களை மட்டும் எடுக்காமல் இருக்க வேண்டும். இந்தத் தகுதி எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் உண்டு.